திறக்காமல் ஒட்டிய ஸ்டிக்கர்

அட்டைப்பெட்டி வீட்டுக்குள் யாரோ இருமினார்கள். அந்த வீட்டைக் கட்டிய தேவிகாவோ அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சம்பத் செய்தித்தாளை மடித்து வைத்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற சூப்பர்வைசர். தெருவில் மட்டும் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும். மனைவி ஹேமலதா குடியாத்தத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

"இன்னா சத்தம் அது?"

"உள்ள கீற மாமாதான். காலைல நீதானப்பா பாஸ் பண்ண?"

பண்ணியிருந்தான். கம்பெனியிலிருந்து தூக்கிவந்த பெரிய பெட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி, மாடியறை நெடுக அவள் கட்டிய வீடு அது. உள்ளே பார்க்கச் சொல்லிக் கெஞ்சினாள். சரக்கு லாரி வாசலில் நிற்கிற நாள்களில் கம்பெனியில் செய்வதுபோலவே, திறக்காமல், குனியாமல், பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "இருபது வருஷ சர்வீஸும்மா. மோந்து பாத்தே சொல்லுவேன்" என்றான்.

"பாஸ் ஆனாதான் வெளிய வருவேன்னு மாமா சொல்லிக்கினே இருந்தாரு. இப்ப வரலாமில்ல?"

"மாமாவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நானே போய்ப் பாத்துட்டு வர்றேன், இரு."

மண்டியிட்டு நுழைந்தான். பசை வாசம், அட்டையின் வெதுவெதுப்பு, முழங்கால் பட்ட இடமெல்லாம் நெகிழ்ந்து முனகும் ஓசை, இடுக்குகளில் கீற்றாக விழுந்த ஜன்னல் வெயில் என்று முதலில் எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. போகப் போக வெயில் மங்கி, பசை வாசம் அடங்கி, உப்பில் ஊறிய பச்சைத்தோலின் வீச்சம் ஏறியது, உள்ளங்கைக்கு அடியில் அட்டைக்குப் பதில் ஈரமாக, மயிர் மயிராக ஏதோ வழுக்கியது. மாடியறை இவ்வளவு நீளமில்லை. எதிர்ச்சுவர் எப்போதோ வந்திருக்க வேண்டும்.

இருட்டில் ஏதோ எதிரே தவழ்ந்து வந்தது.

"கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க சார்."

சார் என்றதும் ஒதுங்கிவிட்டான். அவனை உரசிக்கொண்டு வாசல் பக்கம் போனது அது. அவசரமில்லாமல்.

திரும்ப முயன்றான். தோள் இடித்தது. பின்னுக்கே தவழ்ந்தான். கால் முட்டியது. அடைப்பு. வெளியே டேப் இழுக்கும் சத்தம்.

"தேவிகா! நான்தாம்மா, அப்பா! திற!"

"உள்ள யாரோ கத்றாங்கப்பா."

"யாரும் இல்லம்மா" என்றது சம்பத்தின் குரல். வெளியிலிருந்து. "நான்தான் பாத்துட்டு வந்துட்டனே."

பெட்டியின் பக்கவாட்டில், கைவிட்டுத் தூக்குவதற்கான ஓட்டை. கண்ணை வைத்தான்.

அவன் போட்டிருந்த அதே சட்டை. அவன் முதுகு. தோள்மேல் தேவிகா. ஒருநாளும் அவளை அவன் அப்படித் தூக்கியதில்லை. படிக்கட்டை நோக்கி நடந்தது அது. காலருக்கு மேலே, பிடரியில், தோலும் தோலும் சேருமிடத்தில் ஷூவுக்குப் போடுகிற மெழுகுநூல் தையல். சிரித்துக்கொண்டே தேவிகா அதை விரலால் வருடிக்கொண்டு போனாள்.

தரம் பார்க்கிற அவன் கண்ணுக்கு, ஒரு தையலிலும் பிழையில்லை.