ஆறுக்கு நாலில் ஓர் அறை

அவள் வரையாத ஓர் அறை அந்தப் பிளானில் இருந்தது. சமையலறைக்குப் பின்னால், ஆறுக்கு நாலு அடியில், கதவே இல்லாமல்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பன்னிரண்டு வருடமாகக் கட்டடங்களுக்குப் பிளான் வரைந்து பிழைப்பவள், கதவை மறந்து இதுவரை யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. அதுவும் இது சொந்த வீட்டின் பிளான். போன வாரம்தான் டேப்பை எடுத்துச் சுவர் சுவராக அளந்து புதிதாக வரைந்திருந்தாள். அதே வீட்டின் முன்னறையில்தான் இப்போது லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். பிற்பகல் மூன்று மணி. வெளியே தூறல் விட்டு விட்டுப் பெய்தது. ஜன்னல் கம்பிகளிலிருந்து ஈர இரும்பின் வாடை வந்தது. உள்ளறையில் தம்பி புரண்டு படுக்கப் பார்த்து முடியாமல் கைவிடும் ஒவ்வொரு முறையும் கட்டில் கிறீச்சிட்டது.

புதிதாக வரைய வேண்டி வந்ததற்குக் காரணம் ஹார்டு டிஸ்க். போன மாதம் அது செத்து, ஆறு வருட வேலையைக் கூடவே கொண்டுபோய்விட்டது. இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் மூக்கைச் சிந்திவிட்டு, இனி எந்த மெஷினிடமும் ஏமாறுவதில்லை என்று கிளவுட் சேவைகளை ஒவ்வொன்றாகச் சலிக்க ஆரம்பித்தாள். ஒன்று பெரிய கோப்பைக் கண்டாலே திணறியது. இன்னொன்று முப்பது நாளில் பழைய பிரதிகளைத் துடைத்துவிடுமாம். மூன்றாவதின் நிபந்தனைகளைப் படித்து முடிப்பதற்குள் தலை நரைத்துவிடும். நான்காவது ஒரு மாதம் இலவசம். எடுத்த எடுப்பில் அதை நம்பாமல், வீட்டுப் பிளானை மட்டும் நேற்று ஏற்றிப் பார்த்திருந்தாள்.

"என்னக்கா, தனியா சிரிக்கிற?"

"இந்த நாலாவது கிளவுட் நம்ம வீட்டுக்கு ஒரு ரூம் சேர்த்துக் குடுத்திருக்குடா. இலவசமா."

"பேக்கப்னா இருக்கறதைத்தானே பத்திரமா வைக்கணும்?"

"இது பேக்கப் இல்லடா, சிங்க். இங்க மாத்தினா அங்க மாறும். அங்க மாத்தினா இங்க மாறும். ரெண்டு பக்கமும் ஒண்ணாவே இருக்கணும் இதுக்கு."

தம்பி பைக்கிலிருந்து விழுந்து பதினைந்து நாளாகிறது. இடுப்பிலிருந்து ஒரு கால் பாதம் வரை மாவுக்கட்டு. அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள், அவ்வளவுதான் குடும்பம். அவனைச் சிரிக்க வைக்க அந்தக் கட்டின் மேல் பேனாவால் ஒரு பூனை வரைந்திருந்தாள். மூன்று கால் பூனை. நாலாவது எங்கே என்று கேட்டதற்கு, நீ எழுந்து நடக்கிற அன்றைக்குப் போடுகிறேன் என்றிருந்தாள்.

அந்த அறையை அழித்துவிட்டுச் சேமித்தாள். திரை ஒரு முறை சிமிட்டியது. அறை திரும்பி வந்தது, இப்போது ஏழுக்கு ஐந்தாக.

சமையலறையிலிருந்து ஓசை கேட்டது. அவளுக்குத் தெரியாத ஓசையா அது? கட்டுகிற வீடுகளில் நின்று நின்று காதில் ஊறியது. கொத்தனார் கரணையால் பூச்சை இழுத்துத் தேய்க்கும் சத்தம், நிதானமாக, அவசரமே இல்லாமல், சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து. அந்தப் பக்கம் வெறும் சந்து. கூடவே ஈரச் சிமென்ட் வாடை, தொண்டையில் ஒட்டுகிற மாதிரி. பயமாகத்தான் இருந்தது. பயத்தை விடக் கோபம் அதிகமாக இருந்ததால் டேப்பை எடுத்துக்கொண்டு போனாள்.

போன வாரம் சமையலறை பன்னிரண்டு அடி. இப்போது பதினொன்று.

மறுபடி அளந்தாள். பத்தரை.

முன்னறைக்கு ஓடிவந்து திரையைப் பார்த்தாள். அந்த அறை வளைந்து, தம்பியின் அறை வரை வந்திருந்தது. பத்தடி அறை எட்டாகியிருந்தது. கதவுக்கான குறியைக் காணோம்.

"அக்கா, கதவை ஏன் சாத்தின?"

திரும்பினாள். கதவு இருந்த இடத்தில் சுவர். வழவழப்பான, ஈரமான, புதுச் சுவர்.

"பயப்படாதடா. இதோ வந்துட்டேன்."

"சுவரு கட்டிலைத் தொடுதுக்கா."

உட்கார்ந்தாள். மவுஸைப் பிடித்தாள். "உன் பாச்சா என்கிட்ட பலிக்காது. இது என் வீடு. நான் வரைஞ்சதுதான் இங்க பிளான்." சத்தமாகச் சொல்லிக்கொண்டே அவன் அறைக்கு மூன்றடிக் கதவு வரைந்து சேமித்தாள்.

திரை கேட்டது: இரண்டு பிரதிகள் ஒத்துப்போகவில்லை. எதை வைத்துக்கொள்ள?

உங்கள் பிரதி. எங்கள் பிரதி. இரண்டும்.

உங்கள் பிரதி. அழுத்தினாள். அப்படியும் கதவு அழிந்தது.

மறுபடி வரைந்தாள். உங்கள் பிரதி. அழிந்தது.

உள்ளே கட்டில் மரம் முறிந்தது. தம்பி கத்தினான். ஏதோ ஒரு கதவு. எப்படியாவது. மூன்றாம் முறை வரைந்தாள்.

இரண்டும்.

சுவரில் கதவு இருந்தது. உதைத்துத் திறந்தாள். இருட்டு. சிமென்ட் வாடை. கைக்கு ஒரு தோள் அகப்பட்டது. இழுத்தாள். முன்னறை, வாசல், தெரு. எதிர்ப்பக்கத்து பெஞ்சில் அவனைச் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்க வீட்டைப் பார்த்துக் கத்தினாள்: "என்ன, ஜெயிச்சிட்டியா? அவனை எடுத்துட்டேன் பாரு!"

சந்தோஷத்தில் அழுகை வந்தது. கட்டு நனைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தாள். நனையவில்லை.

பூனைக்கு நாலு கால் இருந்தது.

அவன் முகத்தைப் பார்த்தாள். அதே முகம். அவன் சிரித்தான்.

"அக்கா!"

குரல் வீட்டிலிருந்து வந்தது. கட்டிலை ஒட்டித் தெருவைப் பார்த்திருந்த உள்ளறை ஜன்னலின் கம்பிகளுக்கு நடுவே விரல்கள். அவற்றின் பின்னால் தம்பி, முகம் முழுக்கச் சிமென்ட் தூசி. நாலு புறமும் பூச்சு ஊர்ந்து வந்து ஜன்னலைக் குறுக்கிக்கொண்டிருந்தது.

ஓடினாள். கம்பிக்குள் கையை விட்டு அவன் விரல்களைப் பற்றினாள். சூடாக இருந்தன. நடுங்கின.

"விட மாட்டேன்டா. கேக்குதா? விட மாட்டேன்."

பின்னால் தெருவில் காலடி. மாவுக்கட்டு தரையில் படும் சத்தம். டொக். டொக். நொண்டாமல் நடந்து வந்தது.

"வீட்டுக்குப் போலாம்க்கா."

திரும்பவில்லை. ஜன்னலில் ஒரு கை நுழையும் அளவுதான் மிச்சம். உள்ளே விரல்கள் அவள் விரல்களை இறுக்கிக்கொண்டன. குளிர்ந்த பூச்சு அவள் மணிக்கட்டைச் சுற்றி வந்து இறுகியது. அவள் கையை எடுக்கவில்லை.