கல் விழும் இடம்

கலிஸ்டோவில் காலைத் தேநீர் கொதிக்கும்போதே வீட்டுச் சுவர் பேசத் தொடங்கிவிடும். இன்று எந்தப் பகுதியில் எத்தனை விண்கல் விழும் என்று பட்டியல் வாசிக்கும். வியாழனின் இந்த நிலவில் காற்று இல்லை என்றே சொல்லலாம். வருகிற கல் வழியில் எரியாமல் அப்படியே வந்து இறங்கும். புதுத்துறைக் குடியிருப்பின் அறுநூற்று நாற்பது பேரும் அந்தப் பட்டியலைக் கேட்டபடியே பல் துலக்குவார்கள். கேட்டபடியே என்பது மரியாதைக்குச் சொல்வது. முக்கால்வாசிப் பேர் சுவரை ஊமையாக்கி வைத்திருந்தார்கள்.

அன்று கல்காவல் நிலையத்திலிருந்து திலகவதி வாசித்த பட்டியலில் ஒரே ஒரு கல்தான் இருந்தது. நாற்பது மீட்டர் அகலம். விழும் இடம் புதுத்துறை. இன்னும் ஆறு மணி நேரம்.

நிலையத்தில் அவளும் கணிமதி என்ற எந்திரமும் மட்டும்தான். ஊமைச் சுவர்களையும் பேசவைத்து மூன்று முறை அறிவித்தாள். பனித்தரையில் ஓடும் உருளிவண்டிகளில் ஏறி எண்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுங்கள் என்று கெஞ்சினாள். இரண்டு மணி நேரத்தில் ஒரே குடும்பம் கிளம்பியது. அதுவும் மறந்துபோன ஊறுகாய் டப்பாவை எடுக்கத் திரும்பி வந்து, அப்படியே வீட்டில் உட்கார்ந்துவிட்டது.

அவள் கணவன் மாசிலாமணியை அழைத்தாள்.

"போன வருஷமும் இப்படித்தான் பயமுறுத்தினீங்க. என்ன ஆச்சு?" என்றான் அவன்.

"அது பக்கத்துப் பள்ளத்துல விழுந்துச்சு."

"அதான் சொல்றேன். பக்கத்துலதான் விழும். நம்ம மேலெல்லாம் விழாது. நீ சாப்பிட்டியா?"

திலகவதிக்கு அழுகை வந்துவிட்டது. இவனையாவது கையைப் பிடித்து இழுத்துப் போகலாம். மற்றவர்களை? ஊருக்குக் காவலர்கள் இரண்டே பேர். அவர்களும் கிளம்பவில்லை.

"மக்களுக்கு அறிவிப்பு புரியவில்லையா?" என்று கேட்டது கணிமதி.

"நல்லாப் புரியுது. அது தனக்குன்னுதான் யாருக்கும் தோணலை."

ஊர்க்காரர்களைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் யோசித்துப் பார்த்தாள். குழாய் வெடித்தாலும் சரி, கூரை விரிசல் விட்டாலும் சரி, கயிறு கட்டி மறித்த இடத்தில்தான் இவர்கள் கூட்டம் கூடுவார்கள். அறிவிப்பில் இருந்த இடத்தை மாற்றி எழுதினாள்.

"பொய் அறிவிப்புக்கு வேலை போகும்," என்றது கணிமதி.

"போகட்டும்."

சுவர்கள் நான்காம் முறை பேசின. "திருத்தம். கல் மேற்குச் சமவெளியின் எண்பதாவது கிலோமீட்டரில் விழுகிறது. இதுவரை யாரும் காணாத ஒளி எழும். பொதுமக்கள் அங்கே செல்லக் கூடாது. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்."

பத்து நிமிடத்தில் வண்டிகள் வரிசை கட்டின. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்காக என்று சொல்லிக் காவலர்கள் முதல் வண்டியிலேயே போனார்கள். பிரசவித்து மூன்று நாளான பெண்ணையும் விடாமல் கூட்டிப்போனார்கள்.

"திலகம், சீக்கிரம் வா. முன் சீட்டுல இடம் போட்டு வெச்சிருக்கேன்," என்றான் மாசிலாமணி.

அவளும் ஏறியதும் கணிமதி வானொலியில் எண்ணிச் சொன்னது. அறுநூற்று நாற்பது. ஒருவர் குறையவில்லை.

சமவெளியில் எல்லோரும் வண்டிக் கண்ணாடிகளில் கேமராக்களைப் பொருத்தி மேற்கே பார்த்துக் காத்திருந்தார்கள். குறித்த நேரத்தில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் எழுந்தது. சிறிது நேரத்தில் தரை அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது, புதுத்துறை இருந்த திசையில் பனித்தூள் தூணாக நின்றது.

திலகவதி கணவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வானொலியில் ஊர்மன்றத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நீங்க செஞ்சது சரியில்லை. இவ்வளவு தூரம் அலையவிட்டு, கேமராவையும் எதிர்ப்பக்கம் வைக்கவெச்சுட்டீங்க. நம்ம ஊர்லதான் விழுதுன்னு ஒழுங்காச் சொல்லியிருந்தா, வீட்டுலேயே இருந்து நல்லாப் பார்த்திருப்போம்."

எல்லா வண்டிகளிலிருந்தும் "ஆமாம்" என்று குரல் வந்தது. மாசிலாமணியும்தான் சொன்னான்.