செவ்வாய்க்கிழமைச் சோர்வு

அண்ணனின் ஆய்வேடு அறுபத்திரண்டு பக்கம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் நடந்தால், வீட்டில் எல்லோரும் வழிவிட வேண்டியிருந்தது.

கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவர்கள் எல்லோரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். அண்ணன் எடுத்துக்கொண்டது தெருமுனை நடைமேம்பாலம். தினமும் எத்தனை பேர் அதில் ஏறிப் போகிறார்கள் என்பதுதான் அவன் கேள்வி. ஒரு வாரம், காலையில் அவன் எண்ணினான். மாலை ஐந்திலிருந்து ஆறு வரை எண்ணியது, ஐந்தாம் வகுப்பு படிக்கும் அவன் தங்கை பட்டாணி. ஓர் ஆளுக்கு ஒரு கோடு.

ஆய்வேட்டைக் கொடுக்குமுன் மூன்று பேர் அதைப் படித்துக் கருத்து எழுத வேண்டும் என்பது பேராசிரியரின் கட்டளை. அதற்கென்று ஒரு தாள். பெயர், தகுதி, கருத்து என்று மூன்று கட்டங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் வகுப்புத் தோழர்கள் இருவர் வந்தார்கள். தாடிக்கார அண்ணன், கண்ணாடி அக்கா.

“அஞ்சாவது அத்தியாயம் பிரமாதம்டா,” என்றார் தாடிக்கார அண்ணன். “செவ்வாய்க்கிழமை மட்டும் சாயங்காலக் கூட்டம் பாதியா குறையுதுன்னு கண்டுபிடிச்சியே.”

“அதுக்கு ‘செவ்வாய்க்கிழமைச் சோர்வு’ன்னு பேரு வெச்சது அதைவிடப் பிரமாதம்,” என்றார் அக்கா.

தகுதிக் கட்டத்தில் தாடிக்கார அண்ணன், ‘மாணவர் மன்றச் செயலாளர்’ என்று எழுதினார். கருத்து: ‘மிக ஆழமானது.’ அதன் கீழே அக்கா, ‘மிக மிக ஆழமானது’ என்று எழுதினார். பதிலுக்கு அண்ணன் அவர்களுடைய தாள்களில் ‘பிரமிக்க வைக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தான். தட்டில் பிஸ்கட் தீர்வதற்குள் வேலை முடிந்துவிட்டது.

பட்டாணி மட்டும் ஒரு பிஸ்கட்கூட எடுக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்தரை மணிக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. அதன் பின்னாலேயே போனவள் திரும்பி வந்தபோது மணி ஆறு.

சொன்னால் அண்ணனின் ஐந்தாம் அத்தியாயம் ஒன்பது பக்கமும் போய்விடும். திட்டுவான். இனி ஒரு வேலையும் தரமாட்டான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. நாய்க்குட்டியும் சொல்லப்போவதில்லை.

எல்லோரும் போனபிறகு, ஐந்தாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தாள். ‘செவ்வாய்க்கிழமைகளில் மனிதன் படிகளைக் கண்டு அஞ்சுகிறான்’ என்று அண்ணன் எழுதியிருந்தான். அந்த மனிதனை நினைக்க அவளுக்குப் பாவமாக இருந்தது. அவன் அஞ்சவே இல்லை. தன்பாட்டுக்கு ஏறிப் போயிருக்கிறான். எண்ணத்தான் ஆள் இல்லை.

தாளில் மூன்றாவது வரிசை காலியாக இருந்தது. பென்சிலை எடுத்து, கருத்துக் கட்டத்தில் எழுதினாள்: ‘அன்று அரைமணி நேரம் நான் அங்கே இல்லை. ஒரு நாய்க்குட்டியோடு போய்விட்டேன்.’

அண்ணன் அதை இரண்டு முறை படித்தான். பிறகு கட்டிலில் உட்கார்ந்தான்.

“ஏன் அன்னிக்கே சொல்லல?”

“பயமா இருந்துச்சு.”

“இப்ப?”

“இப்பவும் பயமாத்தான் இருக்கு.”

அண்ணன் அந்த ஒன்பது பக்கங்களையும் ஒருமுறை தடவிக்கொடுத்தான்.

“நாய்க்குட்டி எப்படி இருந்துச்சு?” என்று கடைசியில் கேட்டான்.

“ஒரு காது மடங்கியிருந்துச்சு.”

செவ்வாய்க்கிழமை மாலை இருவரும் சேர்ந்து போய் எண்ணினார்கள். நூற்று முப்பத்தொன்று. திங்கட்கிழமையைவிட இரண்டு அதிகம். சோர்வு ஒரேயடியாகக் குணமாகிவிட்டது.

தோழர்கள் மறுபடி வீட்டுக்கு வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் தாடிக்கார அண்ணன் தாடியைத் தடவினார். “எனக்கு அப்பவே சந்தேகம்டா.”

“எனக்கு அதுக்கும் முன்னாடியே,” என்றார் அக்கா.

“அப்ப ஏன் எழுதல?” என்று கேட்டான் அண்ணன்.

இருவரும் பிஸ்கட் தட்டைப் பார்த்தார்கள். சற்றுப் பொறுத்து, தாடிக்கார அண்ணன் தன் ஆய்வேட்டை மெல்ல பட்டாணி பக்கம் நகர்த்தினார்.

இப்போது அண்ணனின் ஆய்வேடு ஐம்பத்து மூன்று பக்கம். தூக்கிக்கொண்டு நடக்கவும் சுலபம்.

கொடுப்பதற்கு முன் தாளைச் சரிபார்த்தான். மூன்றாவது வரிசையில் தகுதிக் கட்டம் காலியாகவே இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, பேனாவால் எழுதினான்: ‘நேரில் இருந்தவர்.’

பட்டாணி எட்டிப் பார்த்தாள். பென்சிலை எடுத்துப் பக்கத்தில் சேர்த்தாள்: ‘அரைமணி நேரம் தவிர.’