ஏழாவது பாட்டில் இருப்பவள்

காலை ஏழு மணிக்கே ஸ்டூடியோ வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது எரிந்தால் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, குக்கர் கூவக் கூடாது, தும்மல் வந்தாலும் தள்ளிப்போட வேண்டும். முப்பது வருடங்களாக அவள் தள்ளிப்போட்டிருந்தாள். படுக்கையறையை ஸ்டூடியோவுக்கு விட்டுக்கொடுத்தாள். மெத்தையையும் கொடுத்தாள். எதிரொலி வராமலிருக்க அது சுவரோடு சுவராக நின்றுகொண்டே ஓய்வெடுத்தது.

கணவர் ராக் பாட்டுகள் எழுதி இசையமைப்பவர். இது பன்னிரண்டாவது ஆல்பம். அவர் பாட்டில் முதல் வரி வருவதற்குள் பால் காய்ச்சி இறக்கிவிடலாம்.

"அண்ணி... யாரு அந்த ராணி?" என்று சமையலறைக்குள் வந்து கிசுகிசுத்தாள் நாத்தனார்.

"எந்த ராணி?"

"அண்ணன் போன்ல சொன்னாரு... ராணி குரல் இல்லன்னா ஆல்பமே வேணாமாம். ஏழாவது பாட்டே அவளுக்காகத்தானாம். சும்மா சொன்னேன், நீங்க மனசுல வெச்சுக்காதீங்க!"

எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றிவிட்டு, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வது நாத்தனாரின் சுபாவம்.

அவள் அழவில்லை. பெட்டியில் துணிமணியை அடுக்கினாள். கையில் பெட்டியோடு, சிவப்பு விளக்கு எரியும்போதே ஸ்டூடியோ கதவைத் திறந்தாள். முப்பது வருடத்தில் முதல் முறை!

"யாருங்க அவ?"

உள்ளே ஒலிப்பதிவாளரோடு இருந்த கணவர் கிட்டாரைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டார். "எவ?"

"ராணி! என்னை வாயைத் தெறக்கவிடாம வெச்சுட்டு, எவளோ ஒருத்திக்கு ஏழாவது பாட்டா...!"

"அந்தப் பேரு நான் வெச்சதுங்க அண்ணி. குரல்ல அவ்வளவு அதிகாரம்..." என்று சொல்லி, ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்தினார்.

பழைய கேசட்டின் இரைச்சல். கிட்டார். நடுவே ஓர் இளம்பெண்ணின் குரல்: "ஏங்க, கதவைச் சாத்துங்க... ஊரே கேக்குது!" சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

அது அவளுடைய குரல்தான்.

"கல்யாணமான புதுசுல பதிவானது. இந்த விளக்கு மாட்டறதுக்கு முன்னால..." என்றார் கணவர். "மூணு பாடகிங்களை வெச்சுப் பாத்துட்டேன். அந்தச் சிரிப்பு யாருக்கும் வரல."

பெட்டி கையிலிருந்து நழுவியது. கண்ணீர் வந்தது. பொறாமை மட்டும் போகவில்லை. இப்போதுதான் அதற்குச் சரியான ஆள் கிடைத்திருந்தாள்.

"அப்ப இத்தனை வருஷமா இவகூடதான் உள்ள உக்காந்திருந்தீங்களா? நான் வெளிய விளக்கைப் பாத்துக்கிட்டே நின்னேனே...!"

இருபது நிமிடப் பாட்டு எழுதுகிறவர் கிட்டாரைக் கீழே வைத்தார். எழுந்து வந்து மைக்கை அவள் முன்னால் இழுத்து வைத்தார்.

"பேசும்மா... எல்லாத்தையும் பேசு."

விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் பழக்கத்தில் அவள் வாய் மூடியே இருந்தது. பிறகு திறந்தது... பத்தொன்பது நிமிடம் மூடவில்லை. பேச்சில் மெத்தை வரைக்கும் வந்தது. கணவர் தேம்பியபடி அவளைக் கட்டிக்கொண்டார். அதுவும் பதிவானது. வெளியே நாத்தனார் ஒரு தும்மலை அடக்கிக்கொண்டு நின்றாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிப்பதிவாளரிடம் திரும்பினாள்.

"ரெண்டு பேரும் பாட்டுல இருக்கட்டும். ஆனா அவளைவிட என் குரல் தூக்கலா இருக்கணும்!"