முப்பத்தொன்றாம் வில்லை

காலை ஒன்பது மணிக்கு நங்கூரம் இறங்கியபோது தீவு பனிமூட்டத்துக்குள் இருந்தது. முதலில் அதன் நாற்றம் வந்தது. பறவை எச்சமும் அழுகிய மீனும் ஈரப்புல்லும் கலந்த நாற்றம். பிறகு ஆயிரக்கணக்கான பென்குயின்கள் ஒரே சமயத்தில் சண்டை போடும் இரைச்சல்.

ஏணியருகே வில்லைப் பலகை தொங்கியது. மாலுமிகள் உட்பட ஆளுக்கு ஓர் எண் வில்லை. தீவுக்கு இறங்கும்போது சிவப்புப் பக்கம், திரும்பி வந்ததும் பச்சைப் பக்கம். பலகை முழுக்கப் பச்சையானால்தான் கப்பல் கிளம்பும்.

"அவங்கவங்க வில்லையை அவங்கவங்கதான் திருப்பணும்," என்றாள் வழிகாட்டி ரேவா. "கட்டின புருஷனோடதா இருந்தாலும் தொடாதீங்க."

பன்னிரண்டு பயணிகளும் சிரித்தார்கள். ரேவா சிரிக்கவில்லை. முப்பதுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே ஓர் ஆணி வெறுமையாக இருந்தது.

தீவுக்குள் ஒரு புல்விதைகூடப் போய்விடக் கூடாது என்பதால் எல்லோரும் காலணிகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பயணிகளில் ஒருத்தியான ஃபெனெல்லாவின் கேமரா பையை ரேவா மடியில் வைத்து, தையல் இடுக்குகளைச் சிறு இடுக்கியால் துழாவினாள். பழைய பை. அது ஃபெனெல்லாவின் அப்பாவுடையது என்று ரேவாவுக்குத் தெரியும்.

"அன்னைக்கு அப்பா ஏணியில ஏறினதை நீங்க பாத்தீங்களா ரேவா?" ஃபெனெல்லா மெல்லக் கேட்டாள்.

இடுக்கி நின்றது.

"அவர் வில்லை பச்சையா இருந்துச்சும்மா. அவரேதான் திருப்பியிருக்கணும். அப்புறம் மேல்தளத்துல வழுக்கி..."

"விசாரணையில சொன்னதையே சொல்றீங்க."

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவு மட்டுமில்லை. போன வருடம், இதே கரை. ஃபெனெல்லாவின் அப்பா லிண்ட்சேவுக்குக் குளிரில் விரல்கள் நீலமாக விறைத்துப்போகும். தினமும் அவர் கேட்க, ரேவாதான் அவர் வில்லையைத் திருப்புவாள். கடைசி நாள் அலை எழும்பியது, எல்லோருக்கும் அவசரம். தூரத்தில் வந்துகொண்டிருந்த கடைசிப் படகில் ஓர் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தாள். எல்லோருக்கும் கப்பல் கொடுத்த அதே சட்டைதான். அவர்தான் என்று நினைத்து முப்பத்தொன்றைப் பச்சைக்குத் திருப்பிவிட்டுக் கீழே போனாள்.

அது அவர் இல்லை.

பலகை பச்சையாக இருந்ததால், அவரைக் காணோம் என்று தெரிந்ததும் நான்கு நாள் கடலைத் தேடினார்கள். தீவை யாரும் தேடவில்லை. ரேவா ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேடியிருப்பார்கள்.

அவள் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு யாரும் இங்கே கால் வைக்கவில்லை. இன்றுதான் முதல்முறை.

மதியம்வரை படம் எடுத்தார்கள். மஞ்சள் புருவப் பென்குயின்கள் பாறை பாறையாகத் தத்தி இறங்கின. புல்மேட்டில் ஆல்பட்ராஸ் கடற்பறவை ஒன்று கூட்டைவிட்டு அசையாமல் அமர்ந்திருந்தது. இரண்டு மணிக்கு மூட்டம் கீழே இறங்கியது. அலை சத்தம் மாறியது.

"சீக்கிரம் வாங்க!" ரப்பர் படகிலிருந்து படகோட்டி கெல்வின் கத்தினான். "சூடா சீஸ் ரோல் காத்திட்டிருக்கு. லேட்டா வந்தா பென்குயின் வாந்திதான்!"

பன்னிரண்டு பேரையும் எண்ணி இரண்டு நடையாக ஏற்றியாகிவிட்டது. ரேவா ஒருத்திதான் பாக்கி. படகில் கால் வைக்கப்போனாள்.

க்ளிக்.

புல்மேட்டுப் பக்கமிருந்து வந்தது. மூட்டத்துக்குள் ஆரஞ்சாக ஏதோ குனிந்து உட்கார்ந்திருந்தது.

"ஒரு நிமிஷம் கெல்வின்."

இடுப்பளவுப் புல்லை விலக்கிக்கொண்டு ஏறினாள். ஓடைச் சேற்றில் கால் வழுக்கி விழுந்து மார்புவரை நனைந்தாள். மேலே யாரும் இல்லை. துருப்பிடித்த முக்காலி மட்டும் நின்றது. அதில் கேமரா, பாசி படிந்து, கடலைப் பார்த்தபடி. முக்காலியின் அடியில், புல்லுக்குள், வெளுத்துப்போன ஓர் ஆரஞ்சுக் கை. சட்டைக் கை. அதற்குள் இருந்ததை அவள் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

கீழே எஞ்சின் உறுமியது.

"கெல்வின்!"

மூட்டம் ஒரு கணம் விலகியது. படகு போய்க்கொண்டிருந்தது. முன்பக்கத்தில், அவள் உட்காரும் இடத்தில், தலையை மூடிய ஓர் ஆரஞ்சுச் சட்டை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

வாக்கி டாக்கியை எடுத்துக் கத்தினாள். தண்ணீர் சொட்டியது. அவள் குரல் போகவில்லை. ஆனால் படகு கப்பலைச் சேர்ந்ததும் அங்கே பேசுவது கேட்டது.

"பலகை என்ன சொல்லுது?" கப்பலின் துணைக் கேப்டன் டங்கனின் குரல்.

"பச்சை, எல்லாமே பச்சை." அது கெல்வின். "ரேவாவோடதும்."

"அது நான் திருப்பினேன்." ஃபெனெல்லா தயங்கித் தயங்கிப் பேசினாள். "தப்புதான், மன்னிச்சிருங்க. எனக்குப் பின்னாடி நின்னு கையை நீட்டினாங்க. பேசக்கூட முடியல. விரலெல்லாம் நீலமா விறைச்சிருந்துச்சு, பாவம். அப்பாவோட கை மாதிரி..."

"சரி, இனிமே செய்யாத பொண்ணே. நங்கூரத்தை எடுங்க, அலை பெருசாகுது."

"நான் இங்க இருக்கேன்!" ரேவா பொத்தானை நசுக்கினாள். "முப்பத்தொன்னை நான்தான் திருப்பினேன்! அவர் தீவுலதான் இருந்தார் ஃபெனெல்லா! உங்கப்பா இங்கதான் இருந்தார்!"

ஒரு வருடம் தொண்டையில் கிடந்த வார்த்தைகள். அவை மூட்டத்தைத் தாண்டவில்லை.

சங்கிலி ஏறும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அடுத்த கப்பல் அடுத்த டிசம்பரில்தான். இன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவளைத் தேடுவார்கள். அறைக் கதவைத் தட்டுவார்கள். பலகையைப் பார்ப்பார்கள்.

பிறகு கடலைத் தேடுவார்கள்.

பென்குயின்களின் இரைச்சல் சட்டென்று நின்றது. ஒன்றிரண்டாகப் புல்லுக்குள்ளிருந்து வந்து அவளைச் சுற்றி வட்டமாக நின்றன. சிவந்த கண்கள்.

அவை அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குச் சற்றுப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன.

க்ளிக்.