ஏழாம் அறையில் ஓர் ஈரத்திட்டு

வெள்ளிக்கிழமை, காலை 11.10.

மூச்சு முட்டும் உயரத்திலிருக்கும் லா பாஸ் மலைநகரத்தின் சந்தைத் தெருவில், தொன் நிக்கானோரின் விடுதி முற்றத்தில், பௌலினாவின் கைப்பை கவிழ்ந்து கிடந்தது. சீப்பு, பைபிள், பாதி ரொட்டி, தைக்கக் கொடுக்க எடுத்து வந்திருந்த மகளின் ஒற்றைப் பள்ளிக்கூட ஷூ. கவிழ்த்தவர் விடுதி முதலாளி நிக்கானோரேதான். தேடியது கிடைக்கவில்லை என்றதும் அவர் குரல் இன்னும் ஏறியது.

"எங்கடி ஒளிச்சு வச்சிருக்கே?"

பதினோரு வருஷமாக அங்கே அறைகளைத் துடைப்பவள் பௌலினா. அவள் அழவில்லை. சார்ஜென்ட் எலோடியா உள்ளே வந்தபோது அந்த ஒற்றை ஷூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் போலீஸ் வண்டி. அதில் ஏறிவிட்டால், எடுத்தாளோ இல்லையோ, இந்தத் தெருவில் யாரும் அவளை நம்பி ஒரு துடைப்பம்கூடக் கொடுக்க மாட்டார்கள். எலோடியாவுக்கு அது தெரியும்.

காணாமல் போனவை இரண்டு. ஏழாம் அறை மிர்த்தா அம்மாளின் பாஸ்போர்ட், அவருடைய இறந்துபோன கணவரின் தங்கக் கைக்கடிகாரம். மிர்த்தா, மான்ட்டிவிடியோவிலிருந்து ஊர் பார்க்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை.

11.20. மூன்றாம் மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் மிர்த்தா நின்று மூச்சு வாங்கினார்.

"நாலு நாளாச்சு வந்து. உங்க ஊர்ல காத்தை எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"மெதுவா வாங்கம்மா. கடிகாரம் எங்கேயும் ஓடிடாது," என்றாள் எலோடியா, வெற்றிலைபோலக் கன்னத்தில் ஒதுக்கியிருந்த கோக்கா இலையை இடம் மாற்றியபடி.

அறைக் கதவில் ஒரு கீறல்கூட இல்லை. பெட்டி மட்டும் திறந்து கிடந்தது. மேசைமேல் திராட்சைச் சாராயப் பாட்டில் ஒன்று. இரண்டு மடக்கு குறைந்திருந்தது.

"இது என் தங்கச்சிக்கு வாங்கினது. நான் மூடியைத் தொடவே இல்ல!"

திருடன் தொண்டையை நனைத்துக்கொண்டு போயிருக்கிறான். கண்ணாடித் தம்ளர் நேராக நின்றது. மேசை காய்ந்திருந்தது. ஆனால் மேசையிலிருந்து ஒரு கை தூரத்தில், மரத்தரையில், காசு அளவுக்கு ஓர் ஈரத்திட்டு. எலோடியா குனிந்து மோந்து பார்த்தாள். சாராயம்தான். அந்தத் திட்டு பௌலினா மாதிரி உள்ளூர்க்காரியைத்தான் காட்டியது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

படியில் தடதடவென்று சத்தம். ஒன்பதாம் அறை ருபேன், புவெனஸ் அயர்ஸ் பொறியாளர், கீழிருந்து ஓடி வந்தான்.

"என்ன மேடம், திருட்டுப் போச்சாமே? அந்தப் பொண்ணுதானாமே? எனக்கு அப்பவே சந்தேகம், அவ கண்ணே சரியில்ல!" ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அப்புறம்தான் நினைவு வந்தவன்போல நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "அய்யோ, தலை சுத்துது. நேத்துதான் முதல் தடவையா இந்த ஊருக்கு வரேன். இந்த உயரம் ஆளைக் கொல்லுது."

"போய்ப் படுங்க," என்றாள் எலோடியா.

11.40. முற்றம். எல்லோரையும் எலோடியா கீழே வரவழைத்திருந்தாள்.

"ஏழாம் அறைச் சாவி எங்க இருந்தது, தொன் நிக்கானோர்?"

"என் மேசைக்குப் பின்னால ஆணியில. இந்தம்மா பத்தரைக்கு மாட்டிட்டுப் போனாங்க. பத்து அம்பத்தஞ்சுக்கு வந்தாங்க."

"நடுவுல நீங்க?"

"தெருவுக்கு, சல்தேன்யா கறிப்பணியாரம் சாப்பிடப் போனேன். அதை அந்த நேரத்துல சாப்பிடாம வேற எப்பச் சாப்பிடறது? நீங்களும்தான் பக்கத்துல நின்னு சாப்பிட்டீங்க!"

உண்மைதான். கறிச்சாறு வழிந்த கறை அவர் டையில் இன்னும் இருந்தது.

"ருபேன்?"

"படுக்கையில கிடந்தேன்."

"பௌலினா?"

"அஞ்சாம் அறை துடைச்சிட்டிருந்தேன், மேடம்."

"குடிப்பியா?"

"நான் சபைக்குப் போறவ. ஒன்பது வருஷமாத் தொடறதில்ல."

நிக்கானோர் ஏளனமாகச் சிரித்தார். "அதை ஏன் கேக்கறீங்க! கார்னிவல் செவ்வாய்க்கு வீட்டுக்குச் சாராயம் தெளிப்போமில்ல, அது பாவமாம். மகாராணி தெருவுல போய் நின்னுப்பா!"

எலோடியா பெருமூச்சு விட்டாள். அது நிம்மதிப் பெருமூச்சு என்று யாருக்கும் தெரியவில்லை.

"சரி, முடிஞ்சது. பௌலினாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். அதுக்கு முன்னால, பாவம், இந்தம்மா ரொம்ப ஆடிப்போயிருக்காங்க. ஆளுக்கு ஒரு பீர் கொண்டு வாங்க, தொன் நிக்கானோர். வெள்ளிக்கிழமைதானே!"

12.05. பீர் நுரைத்து எழுந்தது. முதல் தம்ளரை எலோடியா ருபேனிடம் நீட்டினாள். வாங்கினான், சற்றே சாய்த்தான், குடித்தான். அடுத்தது மிர்த்தா. நுரையோடு ஒரே இழுப்பு. மூன்றாவது நிக்கானோர். அவரும் சற்றே சாய்த்து, பிறகு குடித்தார்.

எலோடியா தன் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"ருபேன், உங்க காலடியில பாருங்க."

கல்லிடுக்கில் நாலு சொட்டு பீர்.

"குடிக்கறதுக்கு முன்னால பச்சமாமாவுக்கு, எங்க மண்ணம்மாவுக்கு, முதல் சொட்டு. எங்க ஊர்ல கை தானா செய்யும். நிக்கானோர் செஞ்சார். மிர்த்தாம்மா செய்யல, அவங்க வெளியூர். நேத்து வந்த நீங்க எப்படிச் செஞ்சீங்க?"

"நீங்க எல்லாம் செஞ்சதைப் பார்த்து..."

"உங்களுக்குத்தான் முதல்ல குடுத்தேன். அப்ப நாங்க யாரும் ஊத்தல."

ருபேன் செருப்பால் அந்தச் சொட்டுகளைத் தேய்த்தான்.

"மேல அறையிலயும் இதே கதைதான். தவறிக் கொட்டியிருந்தா மேசையில சிந்தியிருக்கும். ஊத்தினது இந்த ஊர்க்காரன். பௌலினா குடிக்கறதும் இல்ல, ஊத்தறதும் இல்ல. நிக்கானோர் என் பக்கத்துல நின்னு தின்னுட்டிருந்தார். மூணு மாடி ஓடி வந்து மூச்சு வாங்காம இன்னொருத்தி மேல பழி போட்டது யாரு?"

12.20. ருபேனின் அறையில், அர்ஜென்டினாக்காரன் வேஷத்துக்காக வைத்திருந்த மத்தே தேயிலை டப்பாவில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட்டும் அதில்தான். அடியில் அவனுடைய அடையாள அட்டை: பிறந்த ஊர், லா பாஸ்.

"மண்ணுக்கு மரியாதை பண்ணினேன். அவளே காட்டிக் குடுத்துட்டாளே," என்றான், விலங்கு மாட்டும்போது.

"மரியாதைதான் பண்ணினே. இன்னொருத்தி பாட்டில்லேர்ந்து!"

மிர்த்தா கடிகாரத்தைக் காதோரம் வைத்துக்கொண்டு தேம்பினார். பிறகு முற்றத்துக்கு இறங்கி வந்து, இன்னும் சிதறிக் கிடந்த பௌலினாவின் சாமான்களைப் பொறுக்கக் குனிந்தார்.

"நீங்க எடுக்காதீங்கம்மா," என்றாள் பௌலினா. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கவுத்தவரே எடுக்கட்டும்."

முற்றத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொன் நிக்கானோர் எலோடியாவைப் பார்த்தார். அவள் கோக்கா இலையை மென்றபடி கூரையைப் பார்த்தாள். அவர் பைபிளை எடுத்தார். ரொட்டியை எடுத்தார். ஷூவின் தூசியைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"சீப்பு," என்றாள் பௌலினா.

அது பீர்ப் பெட்டிக்கு அடியில் போயிருந்தது. தொன் நிக்கானோர் மண்டி போட்டார்.