மூக்குக்கண்ணாடியில் கீறல்

மழை விட்ட ஒரு மதியம், துப்பறிவாளரின் அறைக்கு ஒரு பெண் வந்தாள். கல் அரைக்கும் ஆலையில் வேலை பார்த்த அவள் கணவனுக்கு மூச்சு முட்டுகிறது. படுத்தால் அடைக்கிறது என்று உட்கார்ந்தபடியே தூங்குகிறான். நுரையீரலில் கல்தூள் படிந்து இறுகிவிட்டது என்றார் மருத்துவர். ஆலை முதலாளியோ, அங்கே அரைபடுவது வெறும் சுண்ணாம்புக்கல், அது இவ்வளவு தூரம் செய்யாது, சிகரெட் பிடித்திருப்பான் என்று கையை விரித்துவிட்டார்.

"அவரு சிகரெட்டத் தொட்டதே இல்ல சார். எதால இப்படி ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

கணவனின் வேலைச் சட்டையையும் மூக்குக்கண்ணாடியையும் மேஜைமேல் வைத்தாள். சட்டை மடிப்புகளில் வெள்ளைத் தூள். கண்ணாடி பனி மூடியதுபோல் மங்கிக் கிடந்தது.

துப்பறிவாளருக்கு உதவியாளர் அவருடைய மைத்துனர், எதிலும் முந்திக்கொள்கிறவர். "விஷம்தான் மாமா. சாப்பாட்டுல யாரோ கலந்திருக்காங்க," என்றார்.

துப்பறிவாளர் கண்ணாடியைத் துணியால் அழுத்தித் துடைத்தார். மங்கல் போகவில்லை. போன வருஷம் வாங்கியதுதான், சட்டை நுனியால் துடைத்துத் துடைத்தே இப்படி ஆகிவிட்டது என்றாள் அவள்.

மறுநாள் மூவரும் ஆலைக்குப் போனார்கள். முதலாளி தயாராக இருந்தார். அலமாரியிலிருந்து ஒரு கல்லை எடுத்து அமிலத்தைச் சொட்டவிட்டார், நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புக்கல்லேதான். மைத்துனரின் முகம் தொங்கிப்போனது.

துப்பறிவாளர் சட்டையிலிருந்து உதறிய தூளின் மேல் அதே அமிலத்தை விட்டார். தூள் நனைந்ததே தவிர, ஒரு குமிழிகூட எழவில்லை.

"சுண்ணாம்புக்கல் கண்ணாடியவிட மிருதுவானது. அந்தத் தூள் தேச்சா கண்ணாடி கீறாது," என்றார். "இவங்க வீட்டுக்காரர் கண்ணாடி பூரா கீறல். நீங்க அரைக்கிறது குவார்ட்ஸ், கண்ணாடியவே கீறுற வெள்ளைக் கல்லு. நுரையீரலக் கல்லாக்குறதும் அதுதான். அதுக்குத் தண்ணி தெளிக்கணும், முகமூடி குடுக்கணும். சுண்ணாம்புன்னு சொல்லிட்டா எதுவும் வேண்டாம்."

முதலாளி நாற்காலியில் சரிந்தார். சுண்ணாம்புக் குன்று எப்போதோ தீர்ந்துவிட்டது, தோண்டினால் மண்தான் வருகிறது, வேறு கல் கொண்டுவராவிட்டால் ஆலையை மூடியிருக்க வேண்டும் என்றார். அதில் பொய் இல்லை.

அவள் வேலையாட்களை முற்றத்துக்கு அழைத்தாள். துப்பறிவாளர் எல்லாவற்றையும் விளக்கினார். இமையில் வெள்ளை படிய அவர்கள் கேட்டு நின்றார்கள்.

"மூடிட்டா நாங்க எங்க சார் போறது?" என்றார் ஒருவர்.

புகார் எழுதுகிறேன், அதிகாரிகள் வருவார்கள் என்றார் துப்பறிவாளர். எப்போது என்று அவருக்கே தெரியவில்லை.

ஒவ்வொருவராக உள்ளே திரும்பினார்கள். கடைசியாக நின்றவன் அவளுடைய தம்பி. அவனை இங்கே சேர்த்துவிட்டதே அவள் கணவன்தான். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயாவது வந்துடுடா."

அவன் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டான். "பிள்ளைங்க இருக்குக்கா," என்று சொல்லி, மூக்கை மறைத்துத் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.

அரைவை இயந்திரம் ஓடத் தொடங்கியது.